அப்ளிகேஷன் போடாதவர்

"சார், நீங்க ஜட்ஜா வரணும்" என்று ஒரு போன். ஏதோ பாட்டுப் போட்டி, தப்பித்துவிடலாம் என்று "எனக்கு ஸ்ருதி, தாளம் எதுவும் தெரியாதே" என்றேன். "பாட்டு இல்ல சார், சேவை" என்றார் செகரட்டரி.

புறநகர் ஒன்றில் நாலைந்து 'நகர்'கள் ஒன்றுசேர்ந்த குடியிருப்போர் நலச் சங்கம். வருஷா வருஷம் ஜனவரி 26 அன்று காலையில் கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். சாயங்காலம் ஷாமியானா போட்டு, அந்த வட்டாரத்தின் 'சிறந்த சமூக சேவகர்' என்று ஒருவருக்கு விருது. கேடயம், பொன்னாடை, ஐயாயிரம் ரூபாய். பணம் ஒரு நகைக்கடை உபயம். பொன்னாடை, செகரட்டரிக்கே வேறெங்கோ போர்த்தப்பட்டதாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். (நம் ஊரில் பொன்னாடைகள் ஒரு தோளில் நிரந்தரமாகத் தங்குவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.)

சேவைக்கு எப்படி மார்க் போடுவது என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒப்புக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அறையில் என் முன்னால் 23 ஃபைல்களை அடுக்கிவைத்து, ஒரு காபியும் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

நீங்கள் இந்த மாதிரி ஃபைல்களைப் பார்த்திருக்கிறீர்களா? சந்தர்ப்பம் கிடைத்தால் பாருங்கள். ஸ்பைரல் பைண்டிங், உள்ளே பிளாஸ்டிக் உறை, உறைக்குள் கலர் போட்டோ. ஒரு போட்டோவில் ஒரே ஒரு வேப்பங்கன்றை ஒன்பது பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கன்றுக்கு மூச்சு முட்டியிருக்கும். இன்னொன்றில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கிழவருக்கு ஆப்பிள் கொடுக்கிறார்கள். ஆப்பிள் மேல் நாலு கை. கிழவர் ஆப்பிளைப் பார்க்கவில்லை, காமிராவைப் பார்க்கிறார், பார்க்கச் சொல்லியிருப்பார்கள். ஒருவர் ஏழைக் குழந்தைகளுக்கு இலவச நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார். நல்ல காரியம்தான். ஆனால் அட்டையில் அவர் போட்டோ, பின்னட்டையில் அவர் அப்பாவின் போட்டோ. ஒரு ஃபைலில் வாங்கிய விருதுகளின் பட்டியல் மட்டுமே மூன்று பக்கம் போயிற்று. என்ன சேவை செய்தார் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. விருது வாங்கியதையே விருதுக்கான தகுதியாகக் காட்டுகிறார்.

கேலி செய்வது சுலபம். 23-ல் ஏழெட்டு நிஜமான ஃபைல்கள். அதில் ஒன்றுக்கு உறையே இல்லை. கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம், கூடவே பழைய அட்டெண்டன்ஸ் நோட்டுகள். கட்டட வேலைக்காக வந்து தகரக் கொட்டகையில் குடியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பதினோரு வருஷமாகச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரம்மா. கட்டடம் முடிந்ததும் பிள்ளைகள் வேறு ஊர் போய்விடுவார்கள். புதுக் கட்டடம் எழும்பினால் புதுப் பிள்ளைகள். அதனால் 'என்னிடம் படித்து இன்று டாக்டராக இருக்கிறார்' என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒருத்தர்கூட இல்லை. அந்த நோட்டில் ஒரு பெயர் இருபது நாள் வருகிறது, பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு, 'ஊருக்குப் போய்விட்டான்.' அடுத்த பெயர். நான் நோட்டைக் கொஞ்ச நேரம் மூடவில்லை.

இவருக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு ஒரு ஞாபகம் வந்து செகரட்டரியைக் கூப்பிட்டேன்.

"மழைக்காலத்துல கடப்பாரையோட நிப்பாரே ஒருத்தர், அவர் ஃபைல் எங்கே?"

"யாரு... ஓ, அந்த ரயில்வே கேட் பக்கமா? அவரு அப்ளிகேஷனே போடலையே சார்."

இவரை நான் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பர் ராத்திரி பார்த்திருக்கிறேன். என் ஆட்டோ முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. எதிரே தெருவிளக்கும் இல்லை. லுங்கியை மடித்துக்கட்டி, தலையில் பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டு, அறுபதைத் தாண்டிய ஒருத்தர் மழைநீர் வடிகாலின் வாயில் ஒரு வளைந்த கம்பியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். பால் கவர், செருப்பு, தேங்காய் மட்டை, ஒரு தலையணை. தலையணை வெளியே வந்ததும் தண்ணீர் 'ஙொய்ய்' என்று சுழித்துக்கொண்டு இறங்கிற்று. எங்களைப் பார்த்து அவர் கத்தியது இதுதான்: "லெப்ட்ல வராத! லெப்ட்ல மூடி இல்ல!" இடது பக்கம் தண்ணீருக்கு நடுவே ஒரு முருங்கைக் கிளை நட்டுவைத்திருந்தது. அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணி. அதன் கீழே வாய் திறந்த குழி.

நகரவாசிகளான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை நாளில் தெருவில் தண்ணீருக்கு நடுவே ஒரு கிளை நின்றால் அது மரம் அல்ல, யாரோ ஒருத்தர் நமக்கு எழுதிவைத்த கடிதம். எழுதியவர் யார் என்று நாம் கேட்டதில்லை.

"அவரைப் பத்தி எல்லாருக்கும் தெரியுமே, நீங்களே பேர் சேர்க்கலாமே?" என்றேன்.

"ஃபார்ம்ல கையெழுத்து வேணும் சார். ப்ரூஃப் வேணும். போட்டோ ரெண்டு, பேப்பர் கட்டிங் ஒண்ணாவது. இல்லாம குடுத்தா மத்த இருபத்தி மூணு பேர் சும்மா இருப்பாங்களா?"

செகரட்டரி கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம்கூட இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு, மழையில், விளக்கில்லாத தெருவில் சாக்கடைக்குள் கை விடுகிற மனிதனை யார் போட்டோ எடுப்பார்கள்? எடுத்தால்தான் அது என்ன போட்டோவாக வரும்? கறுப்பாக ஏதோ தெரியும். வேப்பங்கன்றைப் பகலில் நடலாம், வரிசையாக நிற்கலாம், காமிராக்காரருக்குச் சொல்லிவிடலாம். ஆகவே எந்தச் சேவைக்கு ஃபைல் உண்டோ, அந்தச் சேவைக்கே விருது. ஃபைல் இல்லாத சேவை நடக்கவே இல்லை.

இது ஒரு நலச் சங்கத்தின் குறை மட்டும் இல்லை. அரசாங்கம் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த வழிதான். தமிழக அரசு 2015-லிருந்து முதலமைச்சர் மாநில இளைஞர் விருது என்று ஒன்று கொடுக்கிறது. 15 முதல் 35 வயதுக்குள் இருந்துகொண்டு சமுதாயத்துக்குத் தொண்டு செய்தவர்களுக்கு, சுதந்திர தினத்தன்று. நல்ல எண்ணம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும்; செய்த தொண்டுக்குச் சான்று காட்ட வேண்டும். பத்ம விருதுகளுக்கு 2016-லிருந்து ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் தடையில்லை. தொண்டு செய்தவர் 'நான் தொண்டன், இதோ அத்தாட்சி' என்று தானே வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்பது, யோசித்துப் பார்த்தால், கூச்ச சுபாவம் உள்ளவர்களை வடிகட்டி வெளியே தள்ள ஏற்பட்ட சல்லடை மாதிரி இருக்கிறது. கூச்சம் உள்ளவர்கள்தானே பாதித் தொண்டைச் செய்கிறார்கள்?

இதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தையும் முளைத்துவிட்டது. உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும்: 'தாங்கள் சேவைச் செம்மல் விருதுக்குத் தேர்வாகியுள்ளீர்கள், விழாச் செலவுக்காகச் சிறு நன்கொடை...' எனக்கு வந்ததில் எந்தச் சேவைக்காக என்ற இடம் காலியாக இருந்தது, நானே நிரப்பிக்கொள்ள வேண்டும். விலை கொஞ்சம் கூடினால் டாக்டர் பட்டம். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு அமைப்பு, ஓய்வுபெற்ற நீதிபதியின் பெயரில் போலிக் கடிதம் காட்டி அரங்கம் வாங்கி, சினிமாப் பிரபலங்களுக்கெல்லாம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிவிட்டுப் போனதே, ஞாபகம் இருக்கிறதா? பல்கலைக்கழகம் போலீஸுக்குப் போக வேண்டியதாயிற்று. போலிப் பட்டத்துக்கு இத்தனை கிராக்கி இருக்கிற ஊரில் நிஜமான விருதுக்கு ப்ரூஃப் கேட்கிறார்கள் என்று செகரட்டரியைக் குறை சொல்ல முடியவில்லை.

சரி, விருதே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. ஹரேகள ஹாஜப்பாவின் கதை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மங்களூர் பஸ் ஸ்டாண்டில் கூடையில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்தவர் ஹாஜப்பா. ஒரு வெளிநாட்டுக்காரர் ஆங்கிலத்தில் விலை கேட்டார். ஹாஜப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நமக்கும் இப்படி எத்தனையோ முறை ஆகியிருக்கிறது, வீட்டுக்கு வந்து மறந்துவிடுவோம். அவர் மறக்கவில்லை. தன் ஊரான நியூபடப்புவில் பள்ளிக்கூடம் இல்லாததால்தானே இந்த அவமானம், தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று ஆரஞ்சு விற்ற காசில் சேமித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, 2000-ல் ஒரு பள்ளிக்கூடம் வர வைத்துவிட்டார். பத்திரிகைகள் எழுதின. விருதுகள் வந்தன. விருதுப் பணத்தையும் பள்ளிக்கூடத்துக்கே போட்டார். 2020 ஜனவரியில் பத்மஸ்ரீ அறிவித்தபோது ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார் என்று செய்தி. கொரோனாவால் தள்ளிப்போய், 2021 நவம்பரில் குடியரசுத் தலைவர் மாளிகையில் வெறும் காலோடு நடந்து போய் வாங்கிக்கொண்டார். அந்தப் படத்தை நீங்களும் நானும் ஃபார்வர்டு செய்தோம்.

ஆனால் பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டியபோது அவர் என்ன கேட்டார் என்பதை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தோம்? தன் ஊரில் ஒரு பியூ காலேஜ், அதாவது நம் ப்ளஸ் டூ வரை படிக்க ஒரு வசதி வேண்டும் என்றார். மெடலைக் கையில் வைத்துக்கொண்டும் மனு கொடுக்கிறார். வெறுங்கால் நமக்குப் பிடித்தது. கோரிக்கை அத்தனை பிடிக்கவில்லை.

இன்னும் வலிக்கிற உதாரணம் நம் மதுரைப் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னப்பிள்ளை. அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்த, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா. களஞ்சியம் என்ற சிறுசேமிப்புக் குழுக்களைக் கிராமம் கிராமமாகச் சேர்த்து, கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்டவர். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். ஒரு நாட்டின் பிரதமர் ஒரு கூலிப் பெண்ணின் காலைத் தொடுவது சாதாரணமில்லை. அந்தப் படத்தைப் பார்த்துத் தமிழ்நாடே நெகிழ்ந்தது, நானும்தான். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் 2024-ல் அதே சின்னப்பிள்ளை, தனக்குத் தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை என்று சொன்ன செய்தியைப் படித்தோம். செய்தி வந்த பிறகு, மாநில அரசு வீடு கட்டித் தருவதாக அறிவித்தது.

எந்தக் கட்சி, எந்த அரசு என்று நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. 2001-க்கும் 2024-க்கும் நடுவே 23 வருஷம். அதற்குள் டெல்லியிலும் சென்னையிலும் ஆட்சி பலமுறை மாறிவிட்டது. எல்லோரும் அவரைக் கௌரவித்தார்கள். காலைத் தொட அரை நிமிஷம் போதும், வீட்டுக்கு ஃபைல் நகர வேண்டும்.

எனக்குத் தெரிந்து இதைக் கொஞ்சம் ஒழுங்காக யோசித்த உதாரணம் 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளம். மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, கடலில்லாத ஊர்களுக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களை மீட்டார்கள். படகில் ஏற முடியாத பெண்களுக்குத் தண்ணீரில் மண்டியிட்டு முதுகைப் படிக்கட்டாகக் கொடுத்த ஜெய்சாலின் வீடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். கேரள அரசு மீனவர்களை அழைத்து விழா எடுத்தது, பொன்னாடை, பாராட்டு எல்லாம் உண்டு. ஆனால் அதோடு, கடலோரப் பாதுகாப்புக்கு மீனவர்களிலிருந்து 200 பேரை வார்டன்களாக எடுப்போம் என்றும் அறிவித்தது. அதாவது, 'நீ செய்த வேலை உனக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது, உள்ளே வந்து செய்' என்று ஒப்புக்கொண்டது. 2015 டிசம்பரில் நம் சென்னைக்கும் மீனவர்கள் படகோடு வந்தார்கள். அன்று மொட்டை மாடியிலிருந்து இறக்கப்பட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இறக்கிவிட்டவர் பெயர் ஞாபகம் இருக்கிறதா?

பிரிட்டனில் ராணியின் பொன்விழாவையொட்டி 2002-ல் தொண்டர் குழுக்களுக்கென்று ஒரு வருடாந்தர விருது ஆரம்பித்தார்கள். இப்போது மன்னர் பெயரில் தொடர்கிறது. பணம் கிடையாது. எனக்குப் பிடித்தது அதன் விதிகள்தான். தனி ஆளுக்குக் கிடையாது, குழுவுக்குத்தான். குழுவில் இருப்பவர்களே தங்கள் குழுவைப் பரிந்துரைக்க முடியாது. வெளியில் உள்ள யாராவதுதான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அந்தந்த வட்டாரத்திலேயே அதற்கென்று இருக்கிறவர்கள் விசாரித்து மதிப்பிடுகிறார்கள். வெள்ளைக்காரன் செய்தால் சரி என்ற அடிமைப் புத்தியில் சொல்லவில்லை. தேடிப் போவது கொடுக்கிறவனின் வேலை என்று அந்த ஃபாரத்தை அடித்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஞானோதயத்தில் நானும் தேடிப் போனேன். ரயில்வே கேட் பக்கம் டீக்கடையில் விசாரித்தால் "கடப்பாரைத் தாத்தாவா?" என்று உடனே வழி சொன்னார்கள். ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்றை அறை, வாசலில் அந்த வளைந்த கம்பி சாத்திவைத்திருந்தது. அவரே அடித்து வளைத்ததாம். எப்போதிலிருந்து என்றேன்.

"எதிர் வீட்டுப் பையன், ஸ்கூல் விட்டு வரச்சே விழுந்துட்டான் சார். தூக்கிட்டோம். கால் போச்சு. அதுலேர்ந்து."

மேலே அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விருது விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"கேடயம் எங்க சார் வைக்கறது? நீங்க மேடையில பேசுவீங்க இல்ல? அந்த மூடி ஒண்ணு கேட்டுக் குடுங்க. மூணு வருஷமா ஆபீஸுக்கு நடக்கறேன். ஆள் மாறிடறாங்க. புதுசா வரவங்களுக்கு மொதல்லேர்ந்து சொல்ல வேண்டியிருக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கூச்சம். அவருடைய சேவையைப் பாராட்ட நான் போயிருந்தேன். அவரோ அந்தச் சேவைக்கே அவசியம் இல்லாமல் செய்துவிட முடியுமா என்று கேட்கிறார். ஒரு இரும்பு மூடி இருந்தால் முருங்கைக் கிளை வேண்டாம், சிவப்புத் துணி வேண்டாம், நிலையத்துக்கு ஓடும் கூட்டத்தை ராத்திரியில் ஒரு கிழவர் கத்தி நிறுத்த வேண்டாம். அப்புறம் நாங்கள் யாருக்கு விருது கொடுப்பது? எங்கள் விழா ஒரு வகையில் அந்தத் திறந்த குழியை நம்பித்தான் நடக்கிறது. இதில் விசேஷம், மூடி போட வேண்டிய ஆபீஸிலிருந்துதான் வருஷா வருஷம் சீஃப் கெஸ்ட் வருகிறார். 'இவரைப் போன்ற தன்னலமற்றவர்கள் இருப்பதால்தான்...' என்று ஆரம்பித்து அவர் நெகிழும்போது எல்லோரும் கை தட்டுகிறோம். கடன்காரனே வந்து, தன் கடனைக் கட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கு மாலை போடுகிற காட்சி. நாம் கை தட்டிவிட்டு டிபன் பாக்கெட் வாங்கப் போகிறோம்.

ஜனவரி 26 சாயங்காலம். ஆறு மணி விழா ஏழே காலுக்குத் தொடங்கியது. வரவேற்புரை, முன்னிலை உரை, சிறப்புரை, சிறப்புரைக்கு முன் சிறப்பு விருந்தினர் அறிமுக உரை. டீச்சரம்மா மேடையில் ஓரமாக, பிளாஸ்டிக் நாற்காலி நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் அவர் பெயர் நாலு முறை சொல்லப்பட்டது, அதில் இரண்டு முறை தப்பாக. கடைசியில் கேடயம் கொடுத்து, 'இரண்டு நிமிஷம் பேசலாம், டின்னர் ரெடி' என்றார்கள். அவர் ஒரு நிமிஷம்தான் பேசினார். நன்றி சொன்னார். தகரக் கொட்டகைக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில்தான் வகுப்பு, மார்கழியில் பஜனைக்கு மண்டபம் வேண்டியிருப்பதால் ஒரு மாதம் பிள்ளைகள் படிக்க முடியவில்லை, சங்க அறை சாயங்காலம் பூட்டியேதான் இருக்கிறது, அதைத் தருவீர்களா என்று கேட்டார்.

மேடையில் ஒரு சின்ன அமைதி. பிறகு தலைவர் "கண்டிப்பா கமிட்டியில வெச்சுப் பேசுவோம்" என்றார். கை தட்டல்.

ஜட்ஜ் உரையில் நான் ஒரு தப்பு செய்தேன், அல்லது சரி செய்தேன். தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பதிலாக, அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொன்னேன். ரயில்வே கேட்டிலிருந்து இத்தனையாவது கம்பம், எதிரே எந்தக் கடை, மூடி இல்லாமல் எத்தனை வருஷம். விழாவில் பேசுகிற பேச்சில்லைதான். செகரட்டரி முகம் சுருங்கியது. சீஃப் கெஸ்ட் சிரித்துக்கொண்டே செல்போனில் குறித்துக்கொண்டார். கூட்டத்தில் கடைசி வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அடுத்த வருஷம் என்னை ஜட்ஜாகக் கூப்பிடப் போவதில்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

சங்க அறை விஷயம் இன்னும் கமிட்டியில் இருக்கிறது. பெயிண்ட் அடித்த புதுச் சுவர் அழுக்காகிவிடும் என்று ஒரு உறுப்பினர் கவலைப்படுகிறாராம்.

மூடி மட்டும் பன்னிரண்டாம் நாள் வந்துவிட்டது. செகரட்டரியே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நாலு பேர் மூடியைச் சுற்றி நிற்கிற படம். அந்தப் பக்கம் போனபோது நேரிலும் பார்த்தேன். கடப்பாரைத் தாத்தா குந்தி உட்கார்ந்து, மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு செங்கல் துண்டைச் செருகிக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சு போல" என்றேன்.

"வந்துச்சு சார். ஒரு சுத்து சின்னது. வண்டி ஏறினா ஆடுது. அளவு எடுத்து வெச்சிருக்கேன், சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

எழுதிக்கொண்டேன்.